டிரான்ஸ்மிட்டரை மாற்றும் முன்: ஆலை வயரிங்கில் மின் இரைச்சலைக் குறைக்கும் வழி

“அண்ணே, டிரான்ஸ்மிட்டரை மாத்திட்டேன், இன்னும் நம்பர் ஆடிக்கிட்டே இருக்கு.”

செம்பனை ஆலையில் கருவிப் பிரிவுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் வாயிலிருந்து நான் அதிகம் கேட்டது இதைத்தான். கையில் சான்றிதழ் இருக்கும், வயர் இழுக்கும் வேலையும் சுத்தமாக இருக்கும். ஆனால் மின் இரைச்சல் (சிக்னல் வயரில் வந்து கலக்கும் வேண்டாத மின்சாரம்) என்றால் என்ன, அது எந்த வழியாக வருகிறது என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லவில்லை. ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பாய்லர் டிரம்மின் நீர்மட்டம் காட்டும் எண் அவ்வப்போது ஏழெட்டு விழுக்காடு துள்ளும். அலாரம் அடிக்கும், ஓடிப்போய்க் கண்ணாடிக் குழாயைப் பார்த்தால் தண்ணீர் அசையாமல் நிற்கும். அந்த அளவை மின் சிக்னலாக மாற்றி அனுப்பும் டிரான்ஸ்மிட்டரை இரண்டு முறை மாற்றினோம். இரண்டும் நல்ல நிலையில் இருந்தவை என்பது பிறகுதான் தெரிந்தது.

அதைவிட மோசமானது, பாய்லர் ஆட்கள் அந்த அலாரத்துக்குப் பழகிப்போனது. அடித்தால் உடனே அமத்திவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். நீர்மட்ட அலாரத்தை அப்படி அமத்தும் பழக்கம் உயிருக்கு ஆபத்து. ஆலை வீணாக நின்றாலும் நட்டம் சிறியதில்லை. பழக்குலை ஏற்றிய லோரிகள் வாசலில் வரிசை பிடிக்கும். வெட்டிய குலை காத்திருக்கக் காத்திருக்க எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறும், விலை இறங்கும். அதில் சிறுதோட்டக்காரர்களின் குலையும் கிடக்கும். அதனால்தான் இதைப் பொறுமையாகவும் விளக்கமாகவும் எழுதுகிறேன்.

பேனலைத் திறக்கும் முன்

உங்கள் சார்ஜ்மேனிடம் (மின்சாரப் பொறுப்பாளரிடம்) சொல்லாமல் பேனலுக்குள் கை வைக்காதீர்கள். சுவிட்சை இறக்கிப் பூட்டுப் போட்டு, அட்டை மாட்டி, மின்சாரம் இல்லை என்பதை மீட்டரால் பார்த்த பிறகுதான் வேலை. மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்வர்ட்டர் இருக்கும் பேனலில் இன்னொரு ஆபத்து உண்டு. 400 வோல்ட் மும்முனை மின்சாரம் உள்ளே நேர்மின்சாரமாக மாறும்போது ஏறத்தாழ 565 வோல்ட் ஆகிறது. அது கெப்பாசிட்டரில் தங்கும். சுவிட்சை அணைத்தாலும் உடனே இறங்காது. எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று இன்வர்ட்டர் மேலேயே ஒட்டியிருப்பார்கள். அதற்குக் குறைவாகக் காத்திருக்காதீர்கள்.

பாய்லர் சம்பந்தப்பட்ட சிக்னலைக் கழற்றிச் சோதிப்பதென்றால், நெருப்பு இல்லாத நாளில் மட்டும். பாய்லர் விசிறியைத் தனியாக ஓட்டிப் பார்க்கலாம்.

முதலில், இது இரைச்சல்தானா?

எண் துள்ளினாலே இரைச்சல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஆலை நீராவியும் எண்ணெயும் அதிர்வும் நிறைந்த இடம். தெர்மினல் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். கிளாண்டு சரியாக இறுக்காத ஜங்ஷன் பெட்டிக்குள் தண்ணீர் நிற்கும். எலி கடித்த கேபிளை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். ஸ்க்ரூ டிரைவரோடு ஒரு சுற்று வந்து ஒவ்வொரு தெர்மினலையும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துபோகும் நாட்களும் உண்டு.

அதெல்லாம் சரியாக இருந்தால், ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து இரண்டு நாள் எழுதுங்கள். எத்தனை மணிக்குத் துள்ளியது, அந்த நேரத்தில் எந்த மோட்டார் கிளம்பியது, எது நின்றது, யாராவது பேனல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாக்கி டாக்கியில் பேசினார்களா, மழை இடி இருந்ததா. பிரஸ் மோட்டார் கிளம்பும் கணத்தில் மட்டும் துள்ளினால் ஒரு வகை. விசிறி ஓடும் நேரம் முழுக்க நடுங்கினால் வேறு வகை. வாக்கி டாக்கிக்காரர் நகர்ந்ததும் நின்றால் விடை கையிலேயே இருக்கிறது.

இரைச்சல் வரும் வழிகள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். எந்த வழியில் வருகிறது என்று தெரியாமல் மருந்து போட்டால் காசுதான் வீண்.

ஒன்று, இரண்டு சர்க்கியூட் ஒரே வயரைப் பங்குபோடுவது. 24 வோல்ட் பவர் சப்ளையின் மைனஸ் வயர் ஒன்றிலேயே சோலனாய்டு வால்வும் டிரான்ஸ்மிட்டரும் தொங்கினால், வால்வு இழுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வயரில் வோல்ட்டேஜ் விழும், டிரான்ஸ்மிட்டர் எண் ஆடும். இதற்கு மருந்து தனி வயர், முடிந்தால் தனி பவர் சப்ளை. கேபிளைச் சுற்றி உலோக உறையாக வரும் ஷீல்டு எவ்வளவு போட்டாலும் இது போகாது.

இரண்டாவது, மின்புலம். பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு வயர்கள் தாமாகவே ஒரு சின்னக் கெப்பாசிட்டர் ஆகின்றன. ஒன்றில் வோல்ட்டேஜ் சட்டென்று ஏறி இறங்கினால் மற்றொன்றில் கசியும். இன்வர்ட்டர் நொடிக்குப் பல ஆயிரம் முறை அப்படி வெட்டி வெட்டித்தான் மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கிறது. இதைச் சரியாக எர்த் செய்த ஷீல்டு நன்றாகத் தடுக்கும்.

மூன்றாவது, காந்தப்புலம். பெரிய கரண்ட் மாறும்போது பக்கத்து வயர் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டாவது சுற்று போல நடந்துகொள்கிறது. இதற்கு வெள்ளித்தாள் போன்ற மெல்லிய ஷீல்டு அவ்வளவாக உதவாது. முறுக்கிய ஜோடி வயரும் தூரமும்தான் உதவும். முறுக்கிய வயரில் ஒவ்வொரு திருப்பத்திலும் திசை மாறுவதால், ஒரு திருப்பில் ஏறிய வோல்ட்டேஜை அடுத்த திருப்பு அடித்துவிடுகிறது. புதியவர்கள் செய்யும் தப்பு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பல ஜோடி கேபிளில் பிளஸ்ஸை ஒரு ஜோடியிலிருந்தும் மைனஸை வேறு ஜோடியிலிருந்தும் எடுத்துவிடுவார்கள். கரண்ட் ஓடும், எண்ணும் வரும், ஆனால் முறுக்கியதன் பலன் முழுக்கப் போய்விடும்.

வாக்கி டாக்கி போல வானலையாக வருவது நாலாவது. பேனல் கதவை மூடி வையுங்கள், நிறையவே குறையும்.

எந்த சிக்னல் எவ்வளவு மென்மையானது என்பதும் தெரிய வேண்டும். வெப்பம் அளக்கும் கே வகை தெர்மோகப்பிள் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட்தான் கொடுக்கும். அதில் ஒரு மில்லிவோல்ட் இரைச்சல் புகுந்தால் 24 டிகிரி பொய். வெப்பத்துக்கேற்பத் தடை மாறும் பி.டி.100 சென்சாரில் ஒரு டிகிரிக்கு 0.385 ஓம். அளவின் அடிமட்டத்தை 4, உச்சத்தை 20 என்று கரண்ட்டாக அனுப்பும் 4-20 மில்லி ஆம்பியர் சிக்னல் இவற்றைவிடத் திடமானது. அதிலும் ஒரு விழுக்காடு என்பது 0.16 மில்லி ஆம்பியர்தான். தூரம் அதிகமானால் தெர்மோகப்பிள் தலையிலேயே டிரான்ஸ்மிட்டர் வைத்து 4-20 ஆக மாற்றி அனுப்புவது நல்லது.

பாதியாகப் பிரித்துத் தேடுங்கள்

பேனலிலிருந்து சென்சார் வரை 60 மீட்டர் கேபிள் இருக்கிறது. இரைச்சல் எங்கே ஏறுகிறது? ஊகிக்க வேண்டாம், பிரித்துப் பாருங்கள்.

ஆலையின் கட்டுப்பாட்டுக் கணினியான பி.எல்.சி.யின் கார்டில் அந்தச் சேனலின் இரண்டு வயரையும் கழற்றிவிட்டு, லூப் கேலிபரேட்டரால் (வேண்டிய அளவு கரண்ட் கொடுக்கும் கைக்கருவி) 12 மில்லி ஆம்பியர் கொடுங்கள். இன்வர்ட்டரை ஓட்டுங்கள். எண் இன்னும் ஆடினால் குற்றம் பேனலுக்குள்ளேயே இருக்கிறது. ஆடாமல் நின்றால், கேலிபரேட்டரை எடுத்துக்கொண்டு நடுவில் இருக்கும் ஜங்ஷன் பெட்டிக்குப் போங்கள். அங்கே சென்சார் பக்கத்தைக் கழற்றி, பேனல் பக்கத்து வயரில் அதே 12 கொடுங்கள். இப்போது ஆடினால், பேனலுக்கும் அந்தப் பெட்டிக்கும் இடையில் ஓடும் கேபிள்தான் வாங்குகிறது.

கேலிபரேட்டர் இல்லாத ஆலையும் உண்டு. அங்கே 9 வோல்ட் பேட்டரி ஒன்றும் 510 ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் போதும். கார்டின் உள்தடை 250 ஓம் என்றால், இரண்டும் சேர்ந்து 12 மில்லி ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். கார்டு தானே 24 வோல்ட் கொடுக்கும் வகையா என்று மட்டும் கையேட்டில் முதலில் பாருங்கள். அந்த வகையில் பேட்டரியை இணைக்கக் கூடாது. பேட்டரிக்கு எர்த்தோடு எந்த உறவும் இல்லை என்பதுதான் இதில் உள்ள நன்மை. பேட்டரியோடு அமைதியாக இருந்து, டிரான்ஸ்மிட்டரை மாட்டியதும் ஆடினால், எர்த் வளையம் (இரண்டு இடத்தில் எர்த் ஆகி, அவற்றுக்கு இடையில் கரண்ட் ஓடுவது) இருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும்.

இன்னொரு மலிவான கருவி, பேட்டரியில் ஓடும் பழைய டிரான்சிஸ்டர் வானொலி. மீடியம் வேவில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு கேபிள் கிடக்கும் டிரே ஓரமாக நடந்து போங்கள். இன்வர்ட்டர் கேபிள் அருகில் சீறும், தீப்பொறி பறக்கும் கான்டக்டர் (மோட்டாரை இயக்கும் மின்காந்த சுவிட்ச்) பக்கம் படபடக்கும். அளவு சொல்லாது, இடம் சொல்லும்.

கேபிளைப் பிரிப்பது

பொருள் வாங்கப் போகும் முன் இதைச் செய்யுங்கள். என் அனுபவத்தில் வேறு எதுவும் இந்த அளவுக்குப் பலன் தந்ததில்லை. எங்கள் நீர்மட்ட சிக்னல் துள்ளியதற்குப் பெரிய காரணமும் இதுதான். பாய்லர் விசிறிக்குப் போகும் இன்வர்ட்டர் கேபிளும் டிரான்ஸ்மிட்டர் கேபிளும் ஒரே டிரேயில் ஒன்றோடொன்று ஒட்டி, முப்பது மீட்டருக்கு மேல் ஓடின. இடம் மிச்சம் என்று யாரோ எப்போதோ அப்படிப் போட்டிருக்கிறார்கள்.

நான் கடைப்பிடிக்கும் அளவு இது. சாதாரண பவர் கேபிளுக்கும் சிக்னல் கேபிளுக்கும் குறைந்தது 200 மில்லிமீட்டர் இடைவெளி. இன்வர்ட்டரிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிள் என்றால் 300க்குக் குறையாமல், இடம் இருந்தால் அதற்கும் மேல். இடமே இல்லையென்றால் சிக்னலை இரும்புக் குழாய்க்குள் விட்டு, குழாயை எர்த் செய்யுங்கள். இரும்பு காந்தப்புலத்தையும் ஓரளவு தடுக்கும், பிளாஸ்டிக் குழாய் எதையும் தடுக்காது. குறுக்கே கடந்தே ஆக வேண்டிய இடத்தில் நேர்க்கோணத்தில் கடக்க விடுங்கள். பேனலுக்குள்ளும் இதே கதைதான். 230 வோல்ட் வயருக்கு ஒரு டிரங்கிங் (வயர் ஓடும் மூடிய தடம்), 24 வோல்ட்டுக்கு வேறு, அனலாக் சிக்னலுக்குத் தனி. மிச்சமான கேபிளை வட்டமாகச் சுருட்டிப் பேனல் அடியில் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சுருள் என்பது ஆண்டெனா. தேவையான நீளத்துக்கு வெட்டுங்கள்.

ஷீல்டு

இங்கேதான் குழப்பம் அதிகம். ஒரு முனையிலா, இரண்டு முனையிலா?

4-20 மில்லி ஆம்பியர், தெர்மோகப்பிள், பி.டி.100 போன்ற மெதுவான அனலாக் சிக்னலுக்கு ஒரு முனை, பெரும்பாலும் பேனல் பக்கம். காரணம் இது. பாய்லர் மேடையின் எர்த்தும் கட்டுப்பாட்டு அறையின் எர்த்தும் ஒரே வோல்ட்டேஜில் இருப்பதில்லை. இரண்டு முனையிலும் கட்டினால் அந்த வித்தியாசம் ஷீல்டு வழியாகக் கரண்ட்டாக ஓடும். இரைச்சலைத் தடுக்கப் போட்ட ஷீல்டே இரைச்சலைச் சுமந்து வரும். எங்கள் டிரான்ஸ்மிட்டரில் இதுவும் நடந்திருந்தது. மேடை மேல் இருந்த பெட்டியில் ஷீல்டு எர்த் பட்டையோடு இறுக்கப்பட்டிருந்தது, பேனலிலும் அப்படியே. சென்சார் முனையில் ஷீல்டை வெட்டி, வேறு எதையும் தொடாதபடி டேப் சுற்றி விடுங்கள். நடுவில் ஜங்ஷன் பெட்டி இருந்தால் இரண்டு பக்க ஷீல்டையும் தனித் தெர்மினலில் சேர்த்து அனுப்புங்கள். பெட்டி உடலில் தொட விடாதீர்கள்.

இன்வர்ட்டர் மோட்டார் கேபிளுக்கு விதி தலைகீழ். அங்கே ஷீல்டை இரண்டு முனையிலும் கட்ட வேண்டும், அதுவும் கிளாம்ப் போட்டுச் சுற்றிலும் பிடிக்கும்படி. ஷீல்டை முறுக்கி வால் போல நீட்டி, அதில் பச்சை மஞ்சள் வயர் ஒட்டிக் கட்டுவது அழகாகத் தெரியும், பலன் தராது. 30 சென்டிமீட்டர் வயரில் ஏறத்தாழ 0.3 மைக்ரோ ஹென்றி இண்டக்டன்ஸ் இருக்கிறது. 50 ஹெர்ட்ஸில் அது ஒன்றுமே இல்லை. இன்வர்ட்டர் கிளப்பும் 10 மெகா ஹெர்ட்ஸ் இரைச்சலுக்கோ அது 19 ஓம் சுவர். மீட்டரில் பார்த்தால் நல்ல எர்த் போலக் காட்டும், இரைச்சலோ போக வழியில்லாமல் வேறு பக்கம் திரும்பும்.

அதனால்தான் பேனலின் பின்தட்டில் இன்வர்ட்டர் உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, உலோகம் உலோகத்தைத் தொடும்படி வைக்கச் சொல்கிறேன். கதவுக்கும் உடலுக்கும் தட்டையான பின்னல் பட்டை கட்டுங்கள். சுரண்டிய இடத்தில் துரு ஏறாமல் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். நம் ஊர் ஈரத்தில் ஒரு மழைக்காலம் போதும்.

எர்த் வளையம் போக வேண்டும் என்று பாதுகாப்பு எர்த்தை வெட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். எண் நிற்கலாம். அடுத்த முறை மோட்டார் உடலில் மின்சாரம் கசியும்போது தொடுகிறவர் விழுவார். எந்தக் காரணத்துக்காகவும் அதை வெட்டக் கூடாது. வளையத்தை உடைக்க ஷீல்டை ஒரு முனையில் கழற்றி விடுங்கள், அல்லது இரண்டு பக்கத்தையும் மின்சாரத் தொடர்பில்லாமல் பிரிக்கும் சிக்னல் ஐசொலேட்டர் போடுங்கள்.

கான்டக்டரும் ரிலேயும்

24 வோல்ட் ரிலே காயிலை அணைக்கும் கணத்தில் அதிலிருந்து சில நூறு வோல்ட் எகிறும். பி.எல்.சி. காரணமில்லாமல் நின்றுபோவதற்கு இது வழக்கமான காரணம். நேர்மின்சாரக் காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு, 1என்4007 போதும், கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். மாற்றி வைத்தால் ஷார்ட் ஆகும். மாறுமின்சாரக் காயிலுக்கு டயோடு போடவே கூடாது. 100 ஓம், 0.1 மைக்ரோ ஃபாரட் சேர்த்த ஆர்.சி. சப்ரஸர் போடுங்கள். கான்டக்டர் மேலேயே மாட்டும்படி கடைகளில் கிடைக்கும். சப்ரஸர் எங்கே இருந்தாலும் சரி என்று பேனல் தெர்மினலில் மாட்டாதீர்கள். காயிலின் காலிலேயே இருக்க வேண்டும். டயோடு போட்டால் காயில் கொஞ்சம் தாமதமாக விடும். பிரேக் போன்றவற்றில் அதைக் கணக்கில் எடுங்கள்.

இன்வர்ட்டரும் தகவல் கேபிளும்

இன்வர்ட்டரின் கேரியர் அலைவரிசை (மின்சாரத்தை வெட்டும் வேகம்) 10 கிலோ ஹெர்ட்ஸ் என்று இருந்தால் 4க்குக் குறைத்துப் பாருங்கள். மோட்டார் கொஞ்சம் கீச்சிடும், இரைச்சல் குறையும். ஆலைச் சத்தத்தில் அந்தக் கீச்சை யாரும் கவனிக்க மாட்டார்கள். மோட்டார் கேபிளை எவ்வளவு குட்டையாக வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது.

கருவிகளுக்கு இடையில் தகவல் கொண்டுபோகும் ஆர்.எஸ்.485 கேபிள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி போல ஓட வேண்டும், மரக்கிளை போலப் பிரியக் கூடாது. கடைசி இரண்டு முனையில் மட்டும் 120 ஓம் ரெசிஸ்டர். பவரை அணைத்துவிட்டு இரண்டு வயருக்கும் இடையில் அளந்தால் ஏறத்தாழ 60 ஓம் வர வேண்டும். 120 காட்டினால் ஒரு முனையில் ரெசிஸ்டர் இல்லை. 40 காட்டினால் யாரோ நடுவிலும் ஒன்று போட்டிருக்கிறார்கள்.

மென்பொருள் வடிகட்டி, கடைசியாக

பி.எல்.சி. அனலாக் கார்டில் எந்த அலைவரிசையை வடிகட்டுவது என்று அமைப்பு இருக்கும். சில கார்டுகள் 60 ஹெர்ட்ஸில் வைத்தே வரும். மலேசியாவில் நமக்கு 50. இதை மாற்ற ஒரு நிமிடம் போதும், செலவும் இல்லை. ஆகவே இதை மட்டும் எல்லாவற்றுக்கும் முதலிலேயே பார்த்துவிடலாம்.

சராசரி எடுத்து எண்ணைச் சமப்படுத்துவது வேறு. எண் அழகாக நிற்கும், ஆனால் உண்மையில் தண்ணீர் இறங்கும்போது தாமதமாகத்தான் காட்டும். நீர்மட்டம், அழுத்தம் போன்றவற்றில் வயரிங்கைச் சரிசெய்யாமல் பத்து வினாடி வடிகட்டி போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எண்ணெய்த் தொட்டியின் வெப்பம் போல மெதுவாக மாறுவதற்குப் போடுங்கள், பாதகமில்லை.

வேலை முடிந்ததும்

ஒவ்வொரு நேரமும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதும் அளந்து எழுதுங்கள். நாங்கள் ஷீல்டை ஒரு முனையில் கழற்றி விட்டதும் ஏழெட்டு விழுக்காடு துள்ளல் மூன்றுக்கு இறங்கியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேபிளைத் தனி இரும்புக் குழாய்க்கு மாற்றியதும் அரை விழுக்காடுகூட இல்லை. இரண்டையும் ஒரே நாளில் செய்திருந்தால் எது எவ்வளவு கொடுத்தது என்று தெரிந்திருக்காது. ஆன செலவு ஒரு சுருள் கேபிளும் சில குழாய்களும்தான். வீணாக வாங்கிய இரண்டு டிரான்ஸ்மிட்டர் விலையில் அது கால்வாசிகூட வராது.

செய்ததைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். ஷீல்டு எந்த முனையில் கழற்றி விடப்பட்டிருக்கிறது என்பதை மறக்காமல் எழுதுங்கள். சென்சார் பக்கத்துப் பெட்டிக்குள்ளும் ‘இங்கே எர்த் செய்யாதே’ என்று தமிழிலும் மலாயிலும் ஒரு அட்டை மாட்டுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வரும் பிள்ளை, தொங்கும் ஷீல்டைப் பார்த்து, யாரோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்து நல்லெண்ணத்தோடு இறுக்கிவிடுவான்.